கடைசி பெஞ்சுக்கு ஒரு போளி

கோவில்பட்டியைச் சுற்றி நாற்பது கிலோமீட்டருக்குள், போளி அண்ணாச்சி உள்ளே போய் நின்று ‘போளி’ என்று சத்தம் கொடுக்காத தேவாலயம் ஒன்றுகூடக் கிடையாது. ரயில்வே ஸ்டேஷனும் கிடையாது. இத்தனைக்கும் அவர் போளி வியாபாரி அல்ல. அவர் போளி தின்று யாரும் பார்த்ததும் இல்லை, சர்க்கரை வியாதி. போளி என்பது அவருக்குத் தின்பண்டமே அல்ல. தச்சருக்கு முழக்கோல் மாதிரி, அவருக்கு அது ஓர் அளவுக் கருவி.

அண்ணாச்சியும் நானும் வேலை பார்த்தது ஒரு பழைய கட்டடக்கலைக் கம்பெனியில். ஊரில் அதற்கு ‘பிளான் ஆபீஸ்’ என்று பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் முதலாளியின் தாத்தா ஆரம்பித்தது. அந்தத் தாத்தா இரண்டே சங்கதிதான் வரைவாராம். ஒன்று தேவாலயம், இன்னொன்று ரயில்வே ஸ்டேஷன். வீட்டுக்கு பிளான் கேட்டு வந்தவர்களை, “வீட்டுக்கு எதுக்குய்யா பிளான், அது தன்னால வளரும்” என்று சொல்லி அனுப்பிவிடுவாராம். இந்தக் கரிசல் காட்டில் எங்கே மணி அடித்தாலும் அது எங்கள் கட்டடம் என்று முதலாளி இன்றும் பெருமை பேசுவார். தேவாலய மணியா, ஸ்டேஷன் மணியா என்று கேட்டால், மணி மணிதான் என்பார்.

நான் சேர்ந்தபோது கம்பெனி ஓர் உரக்கடையின் மாடியில் ஒற்றை அறைக்குள் சுருங்கியிருந்தது. என் வேலை கம்ப்யூட்டரில் பிளான் போடுவது. நான் போட்ட முதல் பிளானில் மாடிப்படி நேராகக் கழிப்பறைக்குள் போய் இறங்கியது. கம்ப்யூட்டர் செய்த தப்பு என்றேன். முதலாளி கம்ப்யூட்டரை இரண்டு நாள் கோபித்துக்கொண்டார். நல்ல மனிதர்.

அண்ணாச்சி சைட் சூப்பர்வைசர். ஆனால் பிளானைப் பிரித்துப் பார்க்கவே மாட்டார். சுருட்டிக் கக்கத்தில் வைத்திருப்பார். வெயில் ஏறினால் தலைக்கு மேல் பிடித்துக்கொள்வார். கட்டடம் முடிந்து, பூச்சு காய்ந்ததும்தான் அவருடைய வேலை ஆரம்பமாகும். பிரசங்க பீடம் வரப்போகிற இடத்தில் போய் நிற்பார். கண்ணை மூடுவார். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற குரலில், “போளி” என்பார். எதிர்ச்சுவர் ஓரமாக நான் நிற்க வேண்டும். வார்த்தை முழுசாக வந்து சேர்ந்தால் கைக்குட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும். வாயைத் திறந்து சொல்லக் கூடாது. சொன்னால் என் சத்தமும் கட்டடத்தின் சத்தமும் கலந்து கெட்டுவிடுமாம். பத்து வருட வேலையில் நான் ஒரு புகாரும் இல்லாமல் செய்த காரியம் இந்தக் கைக்குட்டை ஒன்றுதான்.

ஏன் போளி என்று ஒரு தடவை கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“கோயிலும் ஸ்டேஷனும் ஒரே வேலை பாக்குத கட்டடம்வே. ரெண்டுலயும் ஒரு ஆளு முக்கியமான விசயம் சொல்லுதாரு. நூறு பேரு கவனிக்காம இருக்கான். அவன் காதுல போயி விழணும். அம்புட்டுதான்.”

‘போ’ என்பது வாயைக் குவித்து விடுகிற சத்தம். மேலே ஏறிக் கூரையில் உருளும். ‘ளி’ என்பது நாக்கை மடித்து விடுகிற சத்தம். நேராகப் போய்ச் சுவரில் மோதும். இரண்டும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தால் கட்டடம் பாஸ். இது அண்ணாச்சியின் விஞ்ஞானம். மற்ற வார்த்தைகளையும் அவர் முயன்று பார்க்காமல் இல்லை. ‘ஸ்தோத்திரம்’ என்று சொல்லிப் பார்த்தபோது கொத்தனார்களில் பாதிப் பேர் ‘ஸ்தோத்திரம் ஐயா’ என்று பதில் சொல்லிவிட்டார்கள். ‘ஹலோ’ என்றபோது சித்தாள் ஒருத்தி செல்போனைத் தேட ஆரம்பித்தாள். கடம்பூர் ஸ்டேஷனில் ஜன்னல் ஜன்னலாக ஓடி வருகிறவர்கள் கூவுகிற அந்தப் ‘போளி’தான் எவ்வளவு நெரிசலிலும் எடுபடும், யாரும் பதிலும் சொல்ல மாட்டார்கள் என்று கண்டுபிடித்தார்.

பதில் சொன்னவரும் உண்டு. ஒரு சின்ன ஸ்டேஷனில் காத்திருப்போர் கூடத்தைப் பழுது பார்த்து முடித்திருந்தோம். அண்ணாச்சி சோதனை போட்ட நேரம், எதிர் வண்டிக்கு வழி விட்டு ஒரு பாசஞ்சர் நின்றுகொண்டிருந்தது. எப்போதும்வென்றான் என்கிற ஊர்க்காரர் ஒருவர், கடம்பூரில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போகிறவர், வண்டியில் தூங்கிக்கொண்டிருந்தார். ‘போளி’ என்ற சத்தம் காதில் விழுந்ததும் பையை எடுத்துக்கொண்டு குதித்து இறங்கிவிட்டார். வண்டி கிளம்பிப் போய்விட்டது. அவர் போர்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கடம்பூர் இல்லையா என்று கேட்டார். அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

“நீங்க எத்தனாவது பெட்டியில இருந்தீய?”

“கடைசிக்கு முந்தின பெட்டி.”

அண்ணாச்சி அதை நோட்டில் குறித்துக்கொண்டார். அந்தப் பக்கத்தை வெகுநாள் எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார். அந்த மனிதரைத் தன்னுடைய மொபெட்டிலேயே கொண்டுபோய்க் கடம்பூரில் மகள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிட வேண்டும்.

புதிதாக யாரும் ஸ்டேஷன் கட்டச் சொல்லி வராததால், தாத்தா திருப்பி அனுப்பிய வீடுகளைப் பேரன் கெஞ்சிக் கூப்பிட வேண்டியதாயிற்று. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவருக்குப் பெரிய வீடு. ஹாலை அண்ணாச்சி பார்த்துப் பார்த்துக் கட்டினார். சோதனையில் ‘போளி’ மாடிப் படுக்கையறை வரைக்கும் போனது. பால் காய்ச்சிக் குடியேறிய மூன்றாம் வாரம் தீப்பெட்டி முதலாளி எங்கள் மாடி ஏறி வந்தார். ஆள் இளைத்திருந்தார்.

“அண்ணாச்சி, இருவத்தஞ்சு வருசமா நாங்க நல்லாத்தான் இருந்தோம். இப்பம் அடுப்படியில அவ தங்கச்சிக்கிட்ட மெதுவாப் பேசுதது பூராம் மாடியில எனக்குக் கேக்குது.”

“கட்டடத்துல ஒரு குறையும் இல்லைய்யா.”

“குறை இல்லங்கதுதான் குறை.”

கடைசியில் ஹால் முழுக்கக் கனத்த திரைச்சீலை தொங்கவிட்டார்கள். நல்ல கட்டடத்தின் வாயைப் பொத்திவிட்டார்கள் என்று அண்ணாச்சி இரண்டு நாள் டீ குடிக்கவில்லை.

இப்படி இருக்கையில்தான் புதூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தேவாலயம் கட்டித் தரச் சொல்லி வந்தார்கள். மழையை நம்பி விதைக்கிற ஊர். பாதி ஊர் திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்த்துப் பணம் அனுப்பியது. அங்கே இருந்த பழைய ஆலயத்தைக் கரிசல் மண் முடித்துவிட்டிருந்தது. மழைக்கு உப்பி, வெயிலுக்குப் பிளக்கிற மண். சுவரில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. முந்தைய போதகர் காலத்திலேயே, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கேட்காத பிரசங்கம், வெளியே ஆடு மேய்ப்பவர்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

குற்றம் சுவருடையது மட்டும் இல்லை. போதகரை அந்தப் பக்கத்தில் ‘ஐயர்’ என்பார்கள். அந்த ஊருக்குப் புதிதாக வந்திருந்த ஐயருக்குக் குரல் என்று ஒன்று இருப்பதாகச் சொல்வதே மரியாதைக்குத்தான். ‘சமாதானம் உண்டாவதாக’ என்று அவர் சொன்னால் முதல் பெஞ்சுக்குச் சமாதானம் உண்டாகும். இரண்டாவது பெஞ்சு, உளுந்து போடலாமா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருக்கும். மைக் வைத்துப் பார்த்தார்கள். குரலைவிட மூச்சுதான் அதிகமாக வந்தது; புயல் எச்சரிக்கை மாதிரி இருந்ததாம். சபைச் செயலாளருக்கு ஊரில் ‘செக்ரட்டரி’ என்று பெயர். அவருடைய குரல் அடுத்த ஊர் வரைக்கும் போகும். பிரசங்கம் பண்ணத் தெரியாத ஆளுக்கு எந்தக் கல்லூரி பட்டம் கொடுத்திருக்கும், அந்த சர்டிபிகேட்டே போலி என்று அவர் டீக்கடையில் ஆரம்பித்து வைத்தார். ஊர் அதை மெதுவாக நம்பத் தொடங்கியிருந்தது.

ஒரு நாள் சைட்டில் மணல் குவியலில் உட்கார்ந்திருந்தபோது, மாற்றல் கேட்டு எழுதிய கடிதத்தை ஐயரே எங்களுக்குக் காட்டினார். வேதப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார். புது ஆலயத்தைத் திறந்துவைக்கிற பிரதிஷ்டை அன்றைக்குப் பேராயர் வரும்போது அவர் கையில் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார்.

“ராத்திரி பகலாப் படிச்சு வாங்குன பட்டம்தான் அண்ணாச்சி. ஆனா யாருக்கும் கேக்கலன்னா, படிச்சு என்ன?”

அண்ணாச்சி கொஞ்ச நேரம் மணலை அள்ளி அள்ளிக் கீழே விட்டார்.

“லெட்டர் இருக்கட்டும் ஐயரே. அன்னைக்கு ஒங்க சத்தம் கடைசி பெஞ்சுக்குப் போகலன்னா, அத நானே பேராயர் கையில குடுக்கேன்.”

அதற்குப் பிறகு அந்த ஆலயத்தை அவர் கட்டிய விதத்தைப் பார்த்து இரண்டு கொத்தனார்கள் ஊரை விட்டே போய்விட்டார்கள். கரிசலைத் தாண்டிச் சுக்கான் பாறை தட்டுப்படுகிற வரைக்கும் அஸ்திவாரம் தோண்டச் சொன்னார். வெடிப்பு விழுந்தால் சத்தம் ஒழுகிவிடும் என்றார். பீடத்துக்குப் பின்னால் இருக்கும் சுவரை, தானியம் புடைக்கிற சொளகு மாதிரி உள்வாங்கி வளைத்தார். எதிர்ச்சுவர்ப் பூச்சை மூன்று தடவை கொத்தி எடுக்கச் சொன்னார். ஐயரைப் பீடத்தில் நிறுத்தி, ‘சும்மா வீட்ல பேசுத மாதிரி பேசுங்க’ என்பார். ஐயர் பேசுவார். நான் பின்னால் நின்று கைக்குட்டையைத் தூக்காமல் இருப்பேன். பூச்சு மறுபடி உதிரும். நான்காவது பூச்சில் கைக்குட்டை மேலே போனது.

நாங்கள் நிம்மதியானோம். அவர் ஆகவில்லை.

“வெறுங் கட்டடம் பொய் சொல்லும்வே. ஆளு நெறையணும். சேலை, வேட்டி, தொந்தி எல்லாம் சத்தத்தத் திங்கும். நெறஞ்ச பொறவு சொன்னாத்தான் நெசம்.”

அந்த ஊர் நிறைவது வெளியூர்ப் பிள்ளைகள் எல்லாம் வந்து சேரும் ஒரே நாளில்தான். அது பிரதிஷ்டை நாள். கடைசிச் சோதனையை அன்றைக்குத்தான் போட முடியும் என்று முடிவு செய்தார்.

அந்த வாரம்தான் அவருக்குப் பல் செட் வந்தது. மேல் வரிசை முழுக்கப் புதுசு. முகம் பத்து வயது குறைந்து, சிரித்தால் பற்பசை விளம்பரம் மாதிரி இருந்தார். ஒரே சங்கடம், செட்டின் தகடு மேல் அண்ணத்தை மூடிவிட்டது. நாக்கு மடிந்து போய்த் தொட வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக். ‘ள’ எல்லாம் ‘ல’ ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை வெல்லிக்கிழமையானது. பள்ளிக்கூடத்துப் பிளான் எங்கே என்று அவர் கேட்டபோது, பல்லிக்கு எதற்குக் கூடம் என்று முதலாளி கேட்டார். நான் நாற்காலியிலிருந்து விழுந்து சிரித்தேன். இத்தனை சிரித்த எங்களில் ஒருவருக்குக்கூட, அவர் அடிக்கடி சொல்லுகிற அந்த ஒரு வார்த்தையைப் பற்றி யோசனை வரவில்லை.

பிரதிஷ்டை நாள் வந்தது. ஆலயம் கொள்ளாத கூட்டம். பின்பக்கம் அசனத்துக்கு, அதாவது ஊர் விருந்துக்கு, அண்டா அண்டாவாக ஆட்டுக்கறிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பீடத்தை ஒட்டிய சிறு அறையின் கதவுக்குப் பின்னால் அண்ணாச்சி. கடைசி பெஞ்சில் துவைத்து மடித்த வெள்ளைக் கைக்குட்டையோடு நான். பேராயர் ஜெபித்து முடித்து உட்கார்ந்தார். முதல் பிரசங்கம் செய்ய ஐயர் பீடத்தில் ஏறினார். வேதப் புத்தகத்திலிருந்து கடிதத்தின் ஓரம் வெளியே தெரிந்தது. ஒரு நிமிடம் எல்லோரும் மௌனமாக இருப்போம் என்று பேராயர் சொன்னார்.

கண்கள் மூடின. குழந்தைகள்கூட அடங்கின. இத்தனை தொந்திகளும் இத்தனை மௌனமும் ஒரே கூரைக்கடியில் இனி வாழ்நாளில் கிடைக்காது என்று அண்ணாச்சிக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற குரலில் சொன்னார்.

“போலி.”

கட்டடம் அவரைக் கைவிடவில்லை. வளைந்த சுவரில் பட்டு, கூரையில் உருண்டு, எந்தச் சேதமும் இல்லாமல் கடைசி பெஞ்சு வரைக்கும் வந்தது. சொன்னவர் கதவுக்குப் பின்னால் இருந்ததால், ஆள் யாரும் கண்ணுக்குத் தெரியவில்லை. சத்தம் மேலேயிருந்து இறங்கிய மாதிரி இருந்தது. கண் திறந்த ஐந்நூறு பேருக்கும் முன்னால் நின்றது ஐயர் ஒருவர்தான்.

நான் கைக்குட்டையைத் தூக்கினேன். பத்து வருடப் பழக்கம். கூட்டம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. தீர்மானத்தை வழிமொழிந்த ஆளைப் பார்க்கிற பார்வை.

மூன்றாவது வரிசையில் இருந்த செக்ரட்டரி, பக்கத்தில் இருந்தவரிடம் ரகசியமாக, “நான் அப்பமே சொன்னம்லா” என்றார். அந்தக் கட்டடத்தில் அதுவும் எல்லோருக்கும் கேட்டது. ஐயரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அவருடைய விரல்கள் கடிதத்தின் ஓரத்தைத் தொட்டன. அந்த நேரத்தில் நான் செய்த உதவி, குனிந்து பெஞ்சுக்கடியில் செருப்பைத் தேடியது. செருப்பை வெளியே கழற்றிப் போட்டிருந்தேன் என்பது தெரிந்தும் தேடினேன்.

அண்ணாச்சி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். கையைக் கட்டிக்கொண்டு பேராயர் முன்னால் நின்றார்.

“மன்னிக்கணும்யா. நான்தான் சொன்னேன். அந்தப் போலி இல்ல. இது வேற போலி.”

பேராயர் ஐயரைத் திரும்பிப் பார்த்தார். அண்ணாச்சி அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

“திங்குத போலி. கடம்பூர்ப் போலி.”

“கடம்பூரிலும் போலியா?” என்று பேராயர் கவலையோடு கேட்டார்.

“ஆமாய்யா. அங்கனதான் நெறைய.”

தோண்டத் தோண்டப் பள்ளம் ஆழமாவதை அண்ணாச்சியும் உணர்ந்தார். பேராயருக்கு முதுகு காட்டாமல் மரியாதையாகச் சுவர்ப் பக்கம் சாய்ந்து, பல் செட்டைக் கழற்றினார். துடைத்துச் சட்டைப் பையில் போட்டார். கன்னம் குழிந்துவிட்டது, பத்து வயதும் திரும்பி வந்துவிட்டது. கண்ணை மூடினார்.

“போளி.”

நாக்கு மடிந்து விழுந்த அந்த ‘ளி’, குண்டூசி மாதிரி கடைசி பெஞ்சில் வந்து குத்தியது. எனக்கு அடுத்து, திருப்பூரிலிருந்து வந்த பனியன் கம்பெனிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் சாதாரணமாகச் சொன்னார்.

“இங்கன ரெண்டு குடுங்க.”

ஆலயம் குலுங்கியது. பெண்கள் பக்கம் முந்தானைக்குள் சிரித்தது. பேராயர் அங்கியின் கையால் வாயை மூடிக்கொண்டார். சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர் செக்ரட்டரி. இன்னொருவர் அண்ணாச்சி. அவர் யாரையும் பார்க்காமல் அந்தச் சிறு அறைக்குள் போய், அதன் பின்கதவு வழியாக வெளியே இறங்கிப் போய்விட்டார்.

சிரிப்பு அடங்கிய இடத்தில் ஐயர் பேசினார். குரலை உயர்த்தவில்லை, உயர்த்த அவரிடம் எதுவும் இல்லை.

“கடைசி பெஞ்சுல கேக்குதா?”

“கேக்குது ஐயரே,” என்றார் இரண்டு போளி கேட்டவர்.

செக்ரட்டரி திரும்பி, பின்சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்தார். பிறகு பிரசங்கம் முடியும்வரை அவர் திரும்பவில்லை.

பிரசங்கம் முடிந்து அண்ணாச்சியைத் தேடிப் போனபோது, கரிசல் காட்டோரத்தில் மிச்சம் கிடந்த செங்கல் அடுக்கின் மேல், ஆலயத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு சத்தமும் காதில் விழாத தூரம் பார்த்துத்தான் போயிருந்தார். தன்னால் ஒரு மனிதரின் பிழைப்பு போய்விட்டது என்பதற்கு மேல் ஒரு வார்த்தை அவரிடமிருந்து வாங்க முடியவில்லை. சற்று நேரத்தில் ஐயரே வாழை இலையில் சோறும் குழம்புமாகக் கொண்டுவந்தார். அண்ணாச்சி இலையைப் பார்க்கவில்லை.

“லெட்டரக் குடுத்துட்டீங்களா?”

“அடுப்புல போட்டுட்டேன் அண்ணாச்சி. அசனத்துக்கு வெறகு பத்தலன்னாவ.”

அண்ணாச்சி தலையை ஆட்டினார். இலையை வாங்கிக்கொண்டார். பல் பையிலேயே இருந்ததால், கறியை விட்டுவிட்டுக் குழம்புச் சோற்றை மட்டும் குழைத்துச் சாப்பிட்டார்.

சாயங்காலம் அவருடைய மொபெட்டில் இருவரும் திரும்பினோம். எட்டயபுரம் தாண்டியது. பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

“வே, ஐயரு என்னதான் சொன்னாரு?”

யார் பேசினாலும் இரண்டாவது நிமிடம் தூங்கிவிடுகிறவன் நான். ஆனால் அன்றைக்கு ஐயர் பேசியது முழுவதும் ஒரு சொல் தவறாமல் நினைவில் இருந்தது. பின்னால் உட்கார்ந்து, எதிர்க்காற்றில், தொண்டை கிழியச் சொன்னேன். ஊரை விட்டுப் பிழைக்கப் போன பிள்ளைகள் போனில் கூப்பிட்டால், வீட்டில் உள்ளவர்கள் சாப்பிட்டாயா என்று முதலில் கேட்பதில்லை, ‘கேக்குதா, கேக்குதா’ என்றுதான் கேட்கிறார்கள் என்று ஐயர் சொன்னார். இந்த ஊரில் தினமும் நடக்கிற ஜெபம் அதுதான் என்றார். எந்தக் குரலும் சின்னக் குரல் இல்லை, அந்தப் பக்கம் ஒருத்தர் போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றால் போதும் என்றார்.

அண்ணாச்சி கொஞ்ச தூரம் ஓட்டினார்.

“இது அம்புட்டும் பின்னால வரைக்கும் கேட்டுச்சா?”

“அம்புட்டும் கேட்டுச்சு அண்ணாச்சி.”

“இன்னொரு தடவ சொல்லும்.”

சொன்னேன். அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். கோவில்பட்டி வந்து சேர்வதற்குள் நான்கு தடவை சொல்லிவிட்டேன். ஊர் இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்திருக்கலாம்.